இன்டீரியர் டிசைன் படிக்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

அட்மிஷன் கிடைத்துவிட்டதா, இல்லை இனிமேல்தான் விண்ணப்பமா? எதுவாக இருந்தாலும் பத்து நிமிஷம் உட்கார். "திரைச்சீலையும் சோபாவும் தேர்ந்தெடுக்க நாலு வருஷப் படிப்பா?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். நீயும் மனசுக்குள் பாதி அப்படித்தான் நினைத்திருப்பாய். நல்ல ரசனை இருக்கிறது, போதும் என்று. அந்த நினைப்பை வாசலிலேயே கழற்றிவிடு. இது அளவும் ஆளும் சம்பந்தப்பட்ட படிப்பு. சமைக்கிற அம்மாவின் கை எந்த உயரம்வரை எட்டும், தாத்தா ராத்திரியில் பாத்ரூமுக்கு எப்படி நடந்து போவார், இந்தக் கதவைத் திறந்தால் எதில் இடிக்கும்? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நிறமும் துணியும். வருஷா வருஷம் பிள்ளைகள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சேர்வதற்கு முன்னால்

1. பட்டத்தின் பெயரை முழுசாகப் படி.
பி.ஆர்க் வேறு, பி.டெஸ் வேறு, பி.எஸ்சி வேறு, டிப்ளமோ வேறு. பி.ஆர்க் ஐந்து வருஷம். பி.டெஸ் பெரும்பாலும் நாலு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆர்க்கிடெக்சர் பட்டம் வேண்டும். 'இன்டீரியர் ஆர்க்கிடெக்சர்' என்று சான்றிதழில் அச்சடித்திருப்பதாலேயே அந்தப் பதிவு கிடைத்துவிடாது. கட்டடமே கட்ட வேண்டும் என்ற ஆசை அடிமனசில் இருந்தால் இப்போதே பி.ஆர்க் பக்கம் போ. மூன்றாம் வருஷத்தில் வந்து, "அக்கா, யாரும் சொல்லவே இல்லையே" என்று அழக் கூடாது. சொல்லிவிட்டேன்.

2. தேர்வுத் தேதிகளை பிளஸ் டூ ஆரம்பத்திலேயே குறித்து வை.
பி.ஆர்க்குக்கு நாட்டா. ஐஐடிகளில் பி.டெஸ் சேர, ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட். அது ஜனவரியில் வரும், விண்ணப்பம் அதற்கு முந்தைய வருஷமே முடிந்துவிடும். என்ஐடிக்கு, அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு, தனித் தேர்வு. அகமதாபாத் என்ஐடியில் ஃபர்னிச்சர் அண்ட் இன்டீரியர் டிசைன் ஒரு பிரிவாகவே இருக்கிறது. அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் டிசைனுக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. பொதுத்தேர்வு முடியட்டும், அப்புறம் தேடலாம் என்று இருந்தால் பாதிக் கதவு மூடியிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் டிசைன் என்ற பெயரில் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு விண்ணப்பி.

3. கல்லூரியை நேரில் போய்ப் பார். வரவேற்பறையைப் பார்த்து மயங்காதே.
நீ பார்க்க வேண்டியது மூன்றே இடம்:
• மர வேலைப் பட்டறை. உள்ளே மரத்தூள் இருக்கிறதா என்று பார். தரை பளபளவென்று துடைத்து வைத்திருந்தால் யாரும் அங்கே வேலை செய்வதில்லை என்று அர்த்தம்.
• மெட்டீரியல் வைக்கிற அறை. லேமினேட், டைல், துணி, கல் எல்லாம் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.
• ஸ்டூடியோ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா?
அப்படியே கடைசி வருஷத்துப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, "கட்டணம் போக ஒரு செமஸ்டருக்குக் கையிலிருந்து எவ்வளவு ஆகிறது?" என்று கேள். பிரின்ட், மாடல், ஸ்டடி டூர் என்று அது தனியாக ஓடும். அப்பா அம்மாவிடம் அந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடு. நடுவில் சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்.

பை நிறைய வாங்காதே

4. முதல் வாரமே கடைக்கு ஓடாதே.
பட்டியல் நீளமாகக் கொடுப்பார்கள். பாதியை சீனியர்கள் சும்மாவே தருவார்கள். கேட்க வெட்கப்படாதே.
• உடனே வாங்கு: நல்ல ஸ்டீல் ஸ்கேல், ஸ்னாப் கட்டர், அதற்குப் பிளேடு நிறைய, கட்டிங் மேட், ஐந்து மீட்டர் டேப், கோடு போடாத சின்ன நோட்டு.
• பொறுத்து வாங்கு: விலை உயர்ந்த மார்க்கர் செட். ஐந்தாறு சாம்பல் நிறம் போதும். நாற்பது நிறம் வாங்கியவர்கள் எல்லோரும் அதே ஐந்தாறைத்தான் தேய்த்துத் தீர்க்கிறார்கள்.
• லேப்டாப்: முதல் செமஸ்டரில் பெரும்பாலும் கையால்தான் வரைய விடுவார்கள். அதற்குள் அவசரப்பட்டு மெல்லிசாக, அழகாக ஒன்று வாங்கிவிடாதே. 16 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லாத மிஷின், இரண்டாம் வருஷத்தில் ரெண்டர் (நிஜம் போன்ற கம்ப்யூட்டர் படம்) போடும்போது உன்னை விடிய விடிய உட்கார வைக்கும்.
• ஆட்டோகேட், ரெவிட் எல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே கொடுக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால் போதும். திருட்டு வெர்ஷனை ஏற்றி, சப்மிஷன் அன்று வைரஸோடு மல்லுக்கட்டாதே.

டேப் இல்லாமல் வெளியே போகாதே

5. இங்கேதான் நிறையச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்.
ரசனை என்பது பார்த்துப் பார்த்து வந்துவிடும். அளவு அப்படி வராது. தொட்டு, அளந்து, நோட்டில் எழுதினால்தான் வரும். ஓட்டலில் உட்கார்ந்தால் மேஜை உயரத்தை அளந்து பார். படியேறினால் ஒரு படியின் உயரமும் அகலமும். வசதியாக இருந்த பெஞ்ச், முதுகு வலித்த நாற்காலி, இடித்துக்கொண்ட லாஃப்ட் எல்லாவற்றையும் எழுதி வை. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் உன் உடம்பை அள. கை விரித்தால் சாண் எத்தனை இன்ச், ஒரு எட்டு எத்தனை அடி, முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று. டேப் இல்லாத இடத்திலும் இவை கைகொடுக்கும்.

அப்புறம் இந்த எண்களை மனப்பாடம் செய்:
• சமையல் மேடை: ஆழம் 2 அடி, உயரம் சுமார் 32 முதல் 34 இன்ச். சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து இன்ச் கீழே இருந்தால் தோள் வலிக்காது.
• சாப்பாட்டு மேஜை 30 இன்ச், நாற்காலியின் இருக்கை 18 இன்ச். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இரண்டரை, மூன்று அடி வேண்டும்.
• வீட்டுப் படி: தேசியக் கட்டட விதிகள் சொல்வது, ஏறும் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் அகலம் 250-க்குக் கீழே வரக் கூடாது.
• சக்கர நாற்காலி: நுழைய 900 மில்லிமீட்டர், திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டம். இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே. எந்த வீட்டிலும் ஒரு நாள் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறியும்.

நூலகத்தில் பெனரோ, ஸெல்னிக் இருவரும் எழுதிய 'ஹ்யூமன் டைமென்ஷன் அண்ட் இன்டீரியர் ஸ்பேஸ்' இருக்கும், 1979-ல் வந்தது. எல்லோரும் அதைத்தான் புரட்டுவார்கள். நல்ல புத்தகம்தான். ஆனால் அது அமெரிக்க உடம்புகளுக்கான அளவு. நம் ஊர்ப் பாட்டி அந்த அலமாரியின் மேல் தட்டை எட்ட மாட்டாள். அதனால் இந்திய உடலளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரபர்த்தி எழுதி, அகமதாபாத் என்ஐடி 1997-ல் வெளியிட்ட புத்தகத்தையும் கூடவே எடுத்து வைத்துக்கொள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து நீ ஒரு ஷீட் வரைந்தால், ஜூரியில், அதாவது உன் டிசைனை மதிப்பிட உட்காருகிறவர்கள் முன்னால், அதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசலாம்.

6. அலமாரியை வைத்தே ஒரு பாடம் சொல்கிறேன். நோட்டை எடு.
துணி ஹேங்கர் ஒன்று கிட்டத்தட்ட 17 இன்ச் அகலம். அதில் சட்டை மாட்டினால் தோள் இன்னும் கொஞ்சம் வெளியே நிற்கும். அதனால் அலமாரியின் உள் ஆழம் 22 இன்ச்சாவது வேண்டும். "ரூம் சின்னது" என்று 18 இன்ச் வரைகிற பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. கதவு சட்டைக் கையைக் கடிக்கும்.

சரி, ஆழத்தைக் கூட்டிவிடலாம் என்று 25 இன்ச் போட்டால்? அங்கேதான் அடுத்த வம்பு. பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. நாலு அடியை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 2 அடிக்குச் சற்றுக் குறைவாக இரண்டு துண்டு கிடைக்கும். ரம்பம் தின்னும் அகலம் கழிந்துவிடும் அல்லவா? நீ 25 என்று வரைந்தால் ஷீட்டுக்கு ஒரே ஒரு துண்டுதான். மீதி 23 இன்ச் ஆசாரி கையில் நிற்கும். ஒரு இன்ச் ஆசைக்காக வீட்டுக்காரருக்கு எத்தனை ஷீட் கூடுதல் என்று கணக்குப் போட்டுப் பார்.

இன்னும் ஒன்று. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்த கதவு 18 மில்லிமீட்டர் இருக்காது. வெளியே 1 மில்லிமீட்டர் லேமினேட், உள்ளே 0.8 லைனர், நடுவில் பசை. 20 என்று வைத்துக்கொள். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கணக்கில் விட்டால் கதவு சரியாக மூடாது.

7. கதவு, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்த நிலையில் வரை.
பிளானில் கதவு திறக்கும் வளைவைப் போடாமல் விடுவது சோம்பேறித்தனம். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு 90 டிகிரியோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் காய்கறி டப்பாவை வெளியே இழுக்க முடியாது. இதைக் கம்ப்யூட்டர் உனக்குச் சொல்லாது. நீதான் திறந்து பார்க்க வேண்டும்.

8. நம் வீட்டில் எப்படி வாழ்கிறோம் என்பதைப் பிளானில் எழுது.
வெட் கிரைண்டர் எங்கே? கேஸ் சிலிண்டரும் ஸ்பேர் சிலிண்டரும் எங்கே? மழைக்காலத்தில் துணி எங்கே காயும்? பூஜைக்கு உட்கார்ந்தால் கால் எந்தப் பக்கம் நீளும்? அரிசி டிரம், செருப்பு, மடக்குக் கட்டில், ஊரிலிருந்து வருகிற பத்துப் பேர்? பின்ட்ரெஸ்ட் படத்தில் இதில் ஒன்றுகூட இருக்காது. அந்தப் படத்தை அப்படியே வரைந்து வைத்தால், குடிவந்த ஆறாம் மாதம் அந்த வீட்டில் எல்லாம் நடு ஹாலில்தான் கிடக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958-ல் ஒரு அறிக்கை எழுதினார்கள். அதையொட்டித்தான் 1961-ல் என்ஐடி பிறந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பைப் பற்றி. சின்ன அறிக்கைதான், ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். படி.

ஸ்டூடியோவும் ஜூரியும்

9. கான்செப்ட் என்று பட்டாம்பூச்சியைப் பிடித்துக்கொண்டு வராதே.
பட்டாம்பூச்சி, அலை, தாமரை என்று ஒரு உருவத்தைப் பிடித்து அதே வடிவத்தில் சீலிங் வரைகிற பழக்கத்தை முதல் வருஷத்தோடு விட்டுவிடு. "இங்கே யார் வருவார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள், என்ன செய்வார்கள்?" இந்த மூன்றுக்கும் பதில் எழுது. டிசைன் அதிலிருந்து வரும். பல் டாக்டர் கிளினிக் என்றால் அங்கே பயந்துபோன ஒரு குழந்தை காத்திருக்கும். அது எங்கே உட்கார்ந்தால் உள்ளே நடப்பது தெரியாது என்று யோசி. கான்செப்ட் என்றால் அதுதான்.

10. மாடல் செய்யும்போது கையைப் பார்த்து வேலை செய்.
• கட்டரை அழுத்தி ஒரே இழுப்பில் அறுக்காதே. லேசாக மூன்று தடவை இழு. ஓரமும் சுத்தமாக வரும், விரலும் தப்பும்.
• பிளேடு மழுங்கினால் உடனே உடைத்துப் புது முனை எடு. மழுங்கின பிளேடுதான் வழுக்கிக் கையில் ஏறும்.
• தெர்மோகோலில் ஃபெவிக்விக் விடாதே, ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதே. உருகிக் குழியாகிவிடும். அதற்கு ஃபெவிகால்தான்.
• ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பசை, ஸ்ப்ரே வேலையைச் செய். ஹாஸ்டல் அறையைப் பூட்டிக்கொண்டு செய்யாதே.
• முதல் மாடலை அட்டைப்பெட்டியில் செய். அசிங்கமாக இருக்கட்டும். கிழித்து ஒட்ட மனசு வர வேண்டுமே!

11. தூங்கு.
ராத்திரி முழுக்க விழிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் இருக்கும். சேராதே. அதிகாலை மூன்று மணிக்குத் தவறாக அறுத்த மாடலை மறுபடி செய்ய எட்டு மணி நேரம் ஆகும். இரண்டு நாள் முன்னதாகவே டிசைனை நிறுத்திவிடு. அதற்குப் பிறகு புது யோசனை எவ்வளவு அருமையாக வந்தாலும் நோட்டில் எழுதி மூடி வை.

12. பிரின்ட் கடையை நம்பி உட்காராதே.
சப்மிஷன் அன்று காலையில் உன் பேட்ச் முழுக்க அதே கடையில்தான் நிற்கும். முந்தின நாள் மத்தியானமே போ. ஃபைலைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போ. இல்லாவிட்டால் எழுத்துரு மாறிச் சதுரம் சதுரமாக வரும். ஒரே ஒரு ஷீட்டை முதலில் போட்டுப் பார். திரையில் தெரிகிற மெல்லிய சாம்பல் கோடு தாளில் காணாமல் போகும். வேலையை எப்போதும் லேப்டாப், பென்டிரைவ், ஆன்லைன் என்று மூன்று இடத்தில் வை.

13. ஷீட்டைச் சுருட்டுவதற்கு முன் இதைச் சரிபார்.
வடக்குக் குறி, ஸ்கேல், அறைகளின் பெயர், தரை லெவல், செக்‌ஷன் வெட்டும் கோடு. வெட்டுப்பட்ட சுவருக்குத் தடித்த கோடு, ஃபர்னிச்சருக்கு மெல்லிய கோடு, தரை டைலுக்கு அதைவிட மெல்லியது. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் யாருக்கும் எதுவும் புரியாது. ஜூரியில் உட்காருகிறவர் முதலில் கேட்பது "வடக்கு எங்கே?" என்றுதான். அதற்குப் பதில் இல்லாமல் நின்றால், அதற்கப்புறம் நீ சொல்கிற எதுவும் எடுபடாது.

14. ஜூரியில் வாயை எப்படி வைத்துக்கொள்வது?
பிளானைக் காட்டி ஆரம்பி, ரெண்டரைக் கடைசியில் காட்டு. கதை சொல்லாதே, ஒருவர் வாசலில் நுழைந்து உள்ளே எப்படிப் போகிறார் என்று விரலால் காட்டிக்கொண்டே போ. குறை சொன்னால் மறுக்காதே, "சரி சார், சரி மேடம்" என்று தலையை மட்டும் ஆட்டவும் செய்யாதே. ஏன் அப்படி வைத்தாய் என்று ஒரே வாக்கியத்தில் சொல். பதற்றத்தில் பாதி காதில் ஏறாது. அதனால் பக்கத்துத் தோழியிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல். அவள் முறை வரும்போது நீ எழுது. அவர்கள் திட்டுவது வரைபடத்தை. உன்னை இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்.

15. ரெண்டர் மயக்கம் வேண்டாம்.
ஸ்கெட்ச்அப், வி-ரே, என்ஸ்கேப் எல்லாம் கற்றுக்கொள். வேலைக்குப் போகும் இடத்தில் கேட்பார்கள். ஆனால் வரிசை முக்கியம். கையால் ஸ்கெட்ச், அப்புறம் பிளானும் செக்‌ஷனும், அப்புறம்தான் முப்பரிமாணம். தலைகீழாகப் போனால் படம் ஜொலிக்கும், சீலிங்குக்குள் ஏசி குழாய் போக இடம் இருக்காது.

இதில் விளையாடாதே

16. பில்லர், பீம் பக்கம் கையை வைக்காதே.
இந்த ஒரு விஷயத்தில் அக்காவுக்கு இரக்கமே கிடையாது. உள் அலங்காரத்துக்காகச் சுவரை இடிப்பதற்கு முன், அது எடையைத் தாங்குகிற சுவரா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டே ஆக வேண்டும். புது அப்பார்ட்மென்ட்கள் பலவற்றில் மைவான் முறையில் சுவரையே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். அதில் நீ ஒரு ஜன்னலை அகலப்படுத்த நினைத்தாலும் மேல் மாடி வரைக்கும் பாதிக்கும். காலேஜ் பிராஜெக்ட்தானே என்று வரைபடத்தில் பில்லரை அழித்துப் பழகாதே. அந்தப் பழக்கம் சைட்டுக்கும் வரும்.

கூடவே:
• டாய்லெட்டை இஷ்டத்துக்கு நகர்த்தாதே. கீழே தளம் தாழ்த்தியிருக்கும் இடத்தில்தான் குழாய் ஓடும். நகர்த்தினால் கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஒழுகும்.
• ஏசி வைத்தால் தண்ணீர் வடியும் குழாய்க்குச் சரிவு எங்கே என்று காட்டு.
• கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், வாசலில் ஒரு சுவிட்ச். இருட்டில் யாரையும் நடக்க விடாதே.
• தப்பி ஓடும் வழியில் அலங்காரத் தடுப்பு, ஃபோம், துணி எதுவும் வைக்காதே. தீ பிடித்தால் அதுதான் முதலில் எரியும்.

17. வெளிச்சத்தைக் கடைசிக்குத் தள்ளாதே.
பல்பு பெட்டியைத் திருப்பிப் பார். 2700, 3000 கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 வெள்ளை. 6500-இல் ஒளிரும் கடையில் நின்று தேர்ந்தெடுத்த லேமினேட், 3000 போட்ட படுக்கையறையில் வேறு நிறமாக நிற்கும். அதனால் சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப் போய், காலையிலும் ராத்திரியிலும் அது வரப்போகிற இடத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வகுப்புக்கு வெளியேதான் பாதிப் படிப்பு

18. ஆசாரியிடம் போய் நில்.
உன் வீட்டுத் தெருவிலேயே ஒரு மரப் பட்டறை இருக்கும். சனிக்கிழமை காலையில் போய், "அண்ணே, காலேஜ்ல இன்டீரியர் படிக்கிறேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கட்டுமா?" என்று கேள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். போனை உள்ளே வை. அங்கே அளவு மில்லிமீட்டரில் போகாது. அடி, இன்ச், நூல். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். "ரெண்டு நூல் தட்டணும்" என்று அவர் சொன்னால் கால் இன்ச் குறைக்கச் சொல்கிறார். இது தெரியாமல் சைட்டில் போய் 6.35 மில்லிமீட்டர் என்று சொன்னால் வேலை நின்றுவிடும்.

ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு மூன்றையும் ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பார். எந்தச் சுவரும் நேராக இருக்காது, எந்த மூலையும் சரியாக 90 டிகிரி இருக்காது என்று அப்போதுதான் புரியும். ஆசாரி, கொத்தனார், எலெக்ட்ரீஷியன் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசு. வரைபடத்தில் நீ விட்ட தப்பை அறுப்பதற்கு முன்னால் சொல்லித் தடுக்கப் போவது அவர்கள்தான்.

19. கடைத்தெருவைச் சுற்று.
சென்னையில் இருந்தால் சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போ, பிளைவுட், லேமினேட், ஹார்டுவேர் எல்லாம் வரிசையாக இருக்கும். துணிக்கு கோடவுன் தெரு. மற்ற ஊர்களிலும் இப்படி ஒரு தெரு கட்டாயம் உண்டு. காலையில் கூட்டம் குறைவான நேரத்தில் போய், வாங்க வரவில்லை, படிக்கிற பிள்ளை என்று நேராகச் சொல்லிக் கேள். ஐஎஸ் 303, ஐஎஸ் 710 என்ற முத்திரையைப் பிளைவுட்டில் தேடிப் பார். 710 மரைன் பிளை; தண்ணீர் படும் சிங்க் அடியில் போட வேண்டியது. 303-இல் இரண்டு வகை இருக்கிறது, எது ஈரம் தாங்கும் என்று கடைக்காரரிடமே கேட்டு எழுது. ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலையையும் எழுதி வை. விலை தெரியாத டிசைனரை யாரும் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார்கள்.

20. நல்ல இடங்களைப் போய்ப் பார். செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதே.
• காரைக்குடிப் பக்கம் போனால் கானாடுகாத்தான் வீடுகள். வளவில், அதாவது நடு முற்றத்தில், உச்சி வெயில் நேரத்தில் உட்கார்ந்து பார். அப்படியே ஆத்தங்குடியில் டைல் போடுவதைப் பார்: கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் டைலின் வழவழப்பு.
• தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. மர அழிகள் வழியே வெளிச்சம் எப்படி வடிகட்டி வருகிறது என்று பார்.
• முட்டுக்காடு தக்ஷிணசித்ரா. தென் மாநிலங்களின் வீடுகளை ஒரே நாளில் ஒப்பிடலாம்.
• புதுச்சேரியில் ஆசிரமத்தின் கோல்கோண்டே விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கி வேலை பார்த்து, பின்னாளில் உலகம் போற்றும் மரச்சாமான் கலைஞரானவர். அது அமைதியான வசிப்பிடம், அனுமதி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெளிச் சுவர் முழுக்கத் திறந்து மூடும் சிமெண்ட் பலகைகள், அறைக் கதவில் காற்று போக மர இடைவெளி. மின்விசிறி ஓடாமலே காற்று வருகிற கணக்கை அங்கே படிக்கலாம்.
எங்கே போனாலும் ஒரே ஒரு ஜன்னலையோ ஒரு திண்ணையையோ முழுசாக அளந்து வரை. இருநூறு போட்டோவை விட அந்த ஒரு பக்கம் உனக்கு உதவும்.

21. புத்தகம்: ஃபிரான்சிஸ் சிங் எழுதிய 'இன்டீரியர் டிசைன் இல்லஸ்ட்ரேட்டட்', 'பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லஸ்ட்ரேட்டட்' இரண்டும் போதும், ஆரம்பத்துக்கு. விலை அதிகம், வாங்காதே. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ உன் கல்லூரி நூலகத்திலோ உட்கார்ந்து, பார்த்துக் கையால் வரை.

வேலை, காசு, சொந்தக்காரர்கள்

22. இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய பெயரைத் தேடாதே.
சைட்டுக்கு உன்னைக் கூட்டிப்போகிற சின்ன ஆபீஸ் போதும். ஆறு மாதமும் ரெண்டர் மட்டுமே போட வைக்கிற பெரிய ஆபீஸால் உனக்கு லாபம் இல்லை. சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேள்: சைட்டுக்குப் போவேனா, மாசம் எவ்வளவு தருவீர்கள், நான் வரைந்ததை போர்ட்ஃபோலியோவில் போடலாமா? கேட்பது தப்பே இல்லை. முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

23. போர்ட்ஃபோலியோவை கடைசி வருஷத்தில் ஆரம்பிக்காதே.
ஒவ்வொரு பிராஜெக்ட் முடிந்ததும் அந்த வாரமே மாடலைப் பகல் வெளிச்சத்தில் படம் எடு. கசக்கிய ஸ்கெட்ச், தப்பான பிளான் எதையும் தூக்கிப் போடாதே. எப்படி யோசித்தாய் என்று பார்க்கத்தான் வேலை கொடுப்பவர் ஆசைப்படுவார். குரூப் வேலை என்றால் நீ செய்த பங்கை மட்டும் எழுது. பொய் இரண்டு கேள்வியில் வெளியே வரும்.

24. சித்தப்பா வீட்டு மாடுலர் கிச்சன்.
இரண்டாம் வருஷம் தொடங்கியதுமே சொந்தத்தில் ஒருவர், "நம்ம பிள்ளைதானே, ஒரு டிசைன் போட்டுக் கொடு" என்று வருவார். அளவெடுத்து வரைந்து கொடு, நல்ல பயிற்சி. ஆனால் பொருள் வாங்கும் காசை உன் கையில் வாங்காதே. ஆசாரிக்கு நீ வாக்குக் கொடுக்காதே. எல்லா அளவையும் தாளில் எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள். உறவு கெடாமல் இருக்க இதுதான் வழி.

இன்றைக்கு இவ்வளவு போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சமையலறையை மேடை, சிங்க், சிலிண்டர், ஜன்னல், பிளக் பாயின்ட் ஒன்று விடாமல் அளந்து, 1:20 ஸ்கேலில் ஒரு ஷீட்டில் வரை. வரைந்து முடித்ததும் அங்கே தினமும் சமைப்பவரைக் கூப்பிட்டு, எங்கே இடிக்கிறது, எது எட்டவில்லை, எதற்குக் குனிய வேண்டியிருக்கிறது என்று கேட்டு, சிவப்புப் பேனாவால் அந்த ஷீட்டிலேயே குறி. காலேஜ் திறக்கும் நாளில் அந்த ஷீட் உன் பையில் இருக்க வேண்டும்.